நாலாம் நம்பர் ரெட்வுட்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். காலுக்கு நாற்பது, காகிதத்துக்கு முப்பத்தாறரை. புறப்பட்ட இடமும் ஒன்று, போய்ச் சேர்ந்த இடமும் ஒன்று. அது என்ன? அவசரமில்லை, யோசியுங்கள். மணி மூன்றாகிறது, நான்கு மணி வரைக்கும் எனக்கும் ஒரு மரத்தை அளப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இதை நான் முதலில் கட்டியபோது இதில் காகிதம் இல்லை, காக்கை இருந்தது. காலுக்கு நாற்பது, காக்கைக்கு முப்பத்தாறரை. ஓசை நன்றாகத்தான் இருந்தது. சம்யுக்தா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தப்பு சித்தி, காக்கா மேட்டுல இருந்து மரத்தடிக்குச் சாய்வாத்தானே பறக்கும், அதுக்கும் நாற்பதுதான் வரும்" என்றாள். நான் ரசக் கரண்டியோடு நின்று யோசித்துப் பார்த்தேன். பதினோரு வயதுப் பெண் சொன்னதுதான் சரி. காக்கையை விரட்டிவிட்டுக் காகிதத்தை வைத்தேன். உடனே, "மலைச்சரிவு" என்றாள், "காகிதம்னா மேப். மேப்ல சரிவு சுருங்கிரும்." மாடிப்படியின் கைப்பிடியை அளந்தால் நீளம் அதிகம், அதே படிக்குக் கீழே தரையை அளந்தால் குறைவு, இவ்வளவுதான் விஷயம். மரத்தின் உயரத்தைக் கணக்குப் போடக் கைப்பிடி நீளம் உதவாது, தரை நீளம்தான் வேண்டும். நமக்கும் மரத்துக்கும் நடுவில் சரிவு இருந்தால், டேப் காட்டும் நாற்பதில் சரிவுக்கு உரியதைக் கழித்துவிட வேண்டும். போன மாதம் வீட்டு மாடிப்படியில் உட்கார வைத்து இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதைக் கழிக்காமல் விட்டவர் அவளுடைய அப்பா. அவர் பிப்ரவரியில் இறந்துபோனார். அவருடைய அண்ணன் காங்கேயத்திலிருந்து காரில் வந்து, அதோ அந்தச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். நான்கு மணிக்கு, அளவு முடிந்ததும், அவர் சம்யுக்தாவைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்: என்னோடு காங்கேயம் வருகிறாயா, இல்லை சித்தியோடு இங்கே இருக்கிறாயா. சித்தி என்பது நான். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான். அப்படித்தான் பேச்சு.

"கோர்ட்டு கீர்ட்டெல்லாம் எதுக்கு அம்மிணி, புள்ளையவே கேட்டுப்போடலாம்" என்று போன வாரம் போனில் சொன்னார். நல்ல மனிதர். குரலை உயர்த்தாத மனிதர்களிடம்தான் எனக்குப் பயம். சரிங்க மாமா என்றேன். வேறென்ன சொல்வது, என் கையில் என்ன இருக்கிறது? பெற்றவள் அவளுக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் போனாள். நான் இரண்டாம் தாரமாக வந்தது அவளுக்கு ஐந்து வயதில். முறைப்படி தத்து எழுதிவிடலாம் என்று இரண்டு தடவை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம புள்ளைய நாமளே தத்தெடுக்கிறதா யோகு, ஊரே சிரிக்கும்" என்றார். ஊர் சிரிப்பதற்கு முன்னால் அவர் சிரித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சிரிப்பு இருந்தது, அது நின்ற பிறகு மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. "டேப்ப இழுங்க மேடம்" என்று கீழேயிருந்து போஜன் கத்துகிறார். இழுக்கிறேன். போஜன் இந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் இருபத்தாறு வருடமாகத் தோட்ட வேலை பார்ப்பவர், மரத்தடியில் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கழுத்தில் மே மாதத்திலும் மப்ளர். "எவ்வளவு?" என்கிறேன். "நாற்பதுதான் மேடம். எட்டு வருஷமா நாற்பது. முளை என்ன நடந்தா போயிரும்?" முளை என்பது என் காலடியில் இருக்கும் இரும்புக் கம்பி. அவர் அடித்தது, என் வீட்டுக்காரர். இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் நாலாம் நம்பர் மரத்தின் உச்சியும் அடியும் ஒருசேரத் தெரியும். மற்ற பக்கமெல்லாம் கட்டிடம், இல்லாவிட்டால் இன்னொரு மரம். ஏழு ரெட்வுட் மரங்கள், தாவரவியல் கட்டிடத்துக்குப் பின்னால், நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வைத்ததாகச் சொல்கிறார்கள். அவர் எங்கே வைத்தார், குழி தோண்டியதும் தண்ணீர் சுமந்ததும் எங்க பாட்டன் ஆட்கள்தான் என்பார் போஜன். சீசனுக்கு வருகிறவர்கள் இதைச் செம்மரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது அந்தச் செம்மரம் இல்லை, அது திருப்பதிப் பக்கம், இது அமெரிக்கா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. காலையில்கூட ஒருவர் பட்டையில் விரலை அழுத்தி, "கோடிக்கணக்குல போகுமாமே மேடம், வெளியில காவலே இல்லையே" என்றார். விரலை அழுத்தினால் உள்ளே போகும், பஞ்சு மாதிரி, ஒரு சாண் கனத்துக்குப் பட்டை. எல்லோருக்கும் அதைக் குத்திப் பார்க்கத் தோன்றுகிறது. குத்தினால் கை வலிக்காது. அதனால் இன்னும் பலமாகக் குத்துகிறார்கள்.

பலகை இங்கிருந்து தெரிகிறது. பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து. தென்னாசியாவின் மிக உயரமான ரெட்வுட், உயரம் நாற்பத்தெட்டு மீட்டர், கண்டறிந்தவர் முனைவர் சென்னியப்பன். கண்டறிந்தவர்! நூற்று நாற்பது வருடமாக ஊரறிய நிற்கிற மரத்தைக் கண்டறிந்தவர். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும், அது அவர் போட்ட சொல் இல்லை, அலுவலகத்தில் யாரோ போட்டது, அவர் அழிக்கச் சொல்லவும் இல்லை. அப்போது நான் அவருடைய ஆய்வக உதவியாளர் மட்டும்தான். பத்திரிகையில் படம் வந்தது, துணைவேந்தர் சால்வை போர்த்தினார், அதற்கெல்லாம் பிறகு ஒருநாள் அவருடைய நோட்டைச் சுத்தமாகப் படியெடுக்கும்போது பார்த்தேன், சரிவைக் கழிக்கவே இல்லை. டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டு நாற்பது என்று எழுதி, அப்படியே பெருக்கியிருக்கிறார். முதலாமாண்டு மாணவன் செய்கிற பிழை. மூன்று முறை கணக்குப் போட்டேன், என் கணக்குதான் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போட்டேன். நாற்பத்து நான்கைக்கூடத் தொடவில்லை. நாற்பத்து நான்கு என்றால் நம் நாட்டிலேயே இதைவிட உயரமானது வேறு இருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, "மரம் வளருமில்ல யோகராணி? பலகைய மாத்தவேண்டாம், மரம் வளந்து பலகைக்கு வந்துசேரும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது, சரிவில் இல்லை. அந்தப் பேச்சுக்குச் சிரித்த பெண்ணை மனிதர் ஒரு வருடத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டார். என்னைப் பிடித்துத்தான் செய்துகொண்டார், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் சில ராத்திரிகளில் தோன்றியிருக்கிறது, பிழையைத் தெரிந்தவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது வசதி என்று. சீ, அப்படி இல்லை. அப்படியும் இருக்கலாம். எட்டு வருடத்தில் மரம் எவ்வளவு வளர்ந்திருக்கும்? ஐம்பது, அறுபது சென்டிமீட்டர். பலகையைத் தொட இன்னும் ஐம்பது வருடம் ஆகும். அதற்குள் அவர் போய்விட்டார். பொய்யை என்னிடமும் மரத்திடமும் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு மே மாதமும் அவரே அளந்தார், சம்யுக்தா கூட நின்று எழுதினாள். அவருடைய நோட்டில் சரிவுக்கு என்று ஒரு கட்டமே கிடையாது. இந்த வருடம் பாரம்பரிய மரங்களின் பட்டியலுக்காகப் புதுப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். அதில் ஆறாவது கட்டம் சரிவு. வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"கண்ணு, இங்க வா சாமி, ஒரு வர்க்கி தின்னுட்டுப் போ" என்று பெரியப்பா கூப்பிடுகிறார். "எழுதிட்டிருக்கேன் பெரியப்பா" என்கிறாள் சம்யுக்தா. எனக்கு உள்ளே எதுவோ குளிர்கிறது, போகவில்லை, வர்க்கிக்குப் போகவில்லை. வர்க்கிக்குப் போகாததையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். "ஏனுங்க போஜன், இதுக்கு மேல ஏறி எறங்க ஆள் கெடைக்குமுங்களா? எங்க தென்னைக்கு அறுவது அடி, அதுக்கே ஆள் கெடைக்கறதில்லைங்க" என்கிறார் பெரியப்பா. "இதுல ஏறி என்ன சார் பறிக்கிறது, காய் நெல்லிக்காய் அளவுதான்." "இத்தன ஒசரம் வளந்து நெல்லிக்கா அளவுதானா! எங்க சென்னியப்பன் மாதிரியேதான்" என்று சொல்லிச் சிரிக்கிறார், பிறகு சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நடிப்பு இல்லை. தம்பிமேல் அவருக்கு உயிர். அதுதான் எனக்குக் கஷ்டம், கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். மதியம் வந்ததிலிருந்து அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. "நம்மூட்ல இவளுக்குன்னு மாடியில ரூம் ஒதுக்கியாச்சு அம்மிணி, பெரியம்மா தினம் கேக்கறா. நீயும் சின்ன வயசு, உனக்கும் ஒரு வழி பாக்கோணுமில்ல?" என்றார். அந்தப் பெரியம்மா எங்கள் கல்யாணத்தன்று சமையல்கட்டில், நான் கேட்கிறேன் என்று தெரிந்தே, "சிலோன்ல இருந்து வந்தவங்களாமா, என்ன சாதிங்கறதே தெரியாதாமா" என்றவள். எங்கப்பா கப்பலில் வந்து மண்டபம் முகாமில் நாலு மாதம் கிடந்து இந்த மலைக்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் என்னைப் பெற்றார். சாதி அவருக்கும் தெரியும், சொல்லிக்கொள்ள ஊர்தான் இல்லாமல் போயிற்று. அந்தப் பெரியம்மா தினமும் கேட்கிறாளாம். கேட்கட்டும். ஆறு வருடம் இவளுக்குத் தலை பின்னியது நான். சின்னம்மை வந்தபோது பதினோரு நாள் லீவு போட்டுப் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். முதல் நாள் பள்ளியில் விட்டபோது என் சேலைத் தலைப்பை விடவே மாட்டேன் என்றாள், பிடியைத் தளர்த்த ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன், அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் அவள் அழுத சத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்று, இந்த ஆறு வருடத்தில் ஒரு முறைகூட, தூக்கத்தில்கூட, வாய் தவறிக்கூட, அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்க்கவில்லை என்றால் ஏன் எண்ணி வைத்திருக்கிறேன்? ரெட்வுட்டை வெட்டினால் அந்த அடிக்கட்டையைச் சுற்றித்தான் கன்றுகள் முளைக்கும், தாயின் வேரிலிருந்தே. பக்கத்தில் நிற்கிற மரம் எவ்வளவு நிழல் கொடுத்தாலும் அதன் வேரிலிருந்து இன்னொன்றின் பிள்ளை முளைக்காது. இதைத் தாவரவியல் கட்டிடத்தின் வராந்தாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடம் பத்து முறை சொல்கிறேன், எச்சில் விழுங்காமல் சொல்கிறேன்.

அவளுக்கு அந்தப் பலகைதான் அப்பா. பள்ளிக்கூடத்துத் தோழிகள் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவாள். காரியம் முடிந்து மூன்றாம் நாள் ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைத் துடைத்துவிட்டு வந்தாள், அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைக்கிறாள், எழுத்தின் மேல் விரல் படாமல் ஓரங்களை மட்டும். கொஞ்சம் முன்னால் பெரியப்பா அவளைப் பக்கத்தில் நிறுத்திப் பலகையைக் காட்டிச் சொன்னார், "உங்கப்பன் பேரு இருக்கற வரைக்கும் அவன் இங்க இருக்கறான்னு அர்த்தம் சாமி. இத யாரும் மாத்த விட்டுறாத." இன்று காலை ஷூ போடும்போது அவள் என்னிடம் கேட்டாள்: "சித்தி, இன்னைக்கு நாலாம் நம்பர் நிஜமா எவ்வளவுன்னு தெரிஞ்சிரும், இல்ல?" நாடாவை இறுக்கிக்கொண்டே கேட்டாள், முகம் தெரியவில்லை. ஆசைப்படுகிறது குழந்தை, அப்பாவின் மரம் இன்னும் வளர்ந்திருக்க வேண்டும் என்று, என நினைத்துக்கொண்டேன். தெரிஞ்சிரும் என்றேன். அப்போதிலிருந்து அதே இடத்தில் மனம் சிக்கிக்கொண்டு நிற்கிறது. சரியான அளவைச் சொன்னால், நாலு மணிக்குக் கேள்வி கேட்கப்படுகிற பெண்ணிடம் மூன்றரை மணிக்கு நான் சொல்வது என்ன? உன் அப்பா சொன்னது பொய், அல்லது உன் அப்பாவுக்குக் கணக்கு வராது, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்பதுதானே. செத்துப்போன அப்பாவை நாலு மீட்டர் குட்டையாக்கிய சித்தி. அந்தப் பக்கம் மாடியில் ஓர் அறை, அப்பாவின் முகஜாடையுள்ள ஒரு பெரியப்பா, அங்கே அவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேசுவார்கள். நான் எதை வைத்து ஆடுகிறேன்? என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அளவு. பதினாறு வருடமாக இந்த வளாகத்தில் ஒரு இலையின் நீளத்தைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. யாருக்கும் அது தெரியாது, யாரும் அதற்குச் சால்வை போர்த்தவும் இல்லை. இருந்தாலும் ராத்திரி படுத்தால் எனக்கு அது ஒரு தலையணை மாதிரி இருந்தது. அவர் அரை நொடியில் நாலு மீட்டர் போட்டார், அவருக்குப் பலகை. நான் மில்லிமீட்டர் பார்த்தேன், எனக்கு நாலு மணி. காலையிலிருந்து ஆறு மரத்தை அளந்துவிட்டோம், ஆறுக்கும் சரிவைப் பார்த்து எழுதியாயிற்று, ஒன்பது டிகிரி, பதினொன்று, ஏழு, அந்தப் பக்கமெல்லாம் தரை கொஞ்சம்தான் சாயும். சம்யுக்தா ஒவ்வொன்றையும் போனில் பெருக்கிக் கழித்து, கட்டத்துக்குள் எண்ணைப் பொடிப்பொடியாக எழுதினாள், நான் எழுதுகிற மாதிரியே, ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு. மிச்சம் இந்த ஒன்றுதான். இங்கே சரிவு வழுக்கும். ஐந்து வயதில் வந்த புதிதில் இந்த மேட்டிலிருந்து காய்ந்த ஊசி இலைகள் மேல் உட்கார்ந்து சர்ரென்று கீழே போய் மரத்தில் முட்டிக்கொண்டு எழுந்து, மறுபடி ஏறி வருவாள். எத்தனை பாவாடை கிழிந்தது. நான்தான் தைத்தேன்.

சாய்வை டிகிரியில் காட்டும் கோணமானியைக் கண்ணில் வைக்கிறேன். அளவு சொல்வதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு, அவர் வைத்ததில்லை, அவருக்கும் முன்னால் இருந்து வருவது. அளப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அளப்பவர் 'சரி' என்ற பிறகுதான் பேனா காகிதத்தைத் தொட வேண்டும். மலைக்காற்றில் ஏழும் எட்டும் ஒன்றுபோலக் கேட்கும், அதனால். "நாலாம் நம்பர்" என்கிறேன். "நாலாம் நம்பர்" என்கிறாள். "டேப் தூரம் நாற்பது." "டேப் தூரம் நாற்பது." "சரி." உச்சியைத் தேடுகிறேன், கிளைகளுக்கு மேல் ஒரு நுனி காற்றில் அசைகிறது, அசைவது நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். "உச்சி, மேல்நோக்கி முப்பத்தாறு." "உச்சி, மேல்நோக்கி முப்பத்தாறு." "சரி." "அடி, கீழ்நோக்கி இருபத்தாறு." "அடி, கீழ்நோக்கி இருபத்தாறு." "சரி." இனிச் சரிவு. போஜனின் மப்ளர் முடிச்சு தரையிலிருந்து என் கண் உயரத்துக்கு இருக்கும், அதைப் பார்த்தால் போதும். பார்க்கிறேன். முள் ஆடி நிற்கிறது. இருபத்து நான்கு. எனக்குப் போன் வேண்டாம், தெரியும், இருபத்து நான்கு என்றால் நாற்பது முப்பத்தாறரையாகும், உயரம் நாற்பத்து நான்கு புள்ளி நான்கு. கழிக்காவிட்டால் நாற்பத்தெட்டு புள்ளி ஆறு. பலகைக்கு மேலே அறுபது சென்டிமீட்டர், எட்டு வருட வளர்ச்சிக்குச் சரியாக இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு சௌகரியமாகப் பொருந்துகிறது, பொய் எப்போதும் இப்படித்தான் அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து உட்காரும். முள் இன்னும் இருபத்து நான்கில் நிற்கிறது. "என்ன மேடம், நான் இப்பிடியே நிக்கவா, இல்ல உக்காந்துக்கவா?" என்கிறார் போஜன். திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம். இன்றைக்கு மட்டும். நாலு மணிக்கு அவள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால், ஒரு வருடம் கழித்து, பெரியவளான பிறகு, உட்கார வைத்துச் சொல்லலாம், இதோ பார் உங்கப்பா இப்படி, அதற்காக அவர் கெட்டவர் இல்லை என்று. அவர் செய்தது இதுதானே, மரம் வளர்ந்து வந்து சேரும் என்றார், நானும் அதையேதான் சொல்லப்போகிறேன், பிள்ளை வளர்ந்து வந்து சேரும் என்று. "சரிவு?" என்கிறாள் சம்யுக்தா. பேனா ஆறாவது கட்டத்துக்கு மேல் நிற்கிறது. கோணமானியைக் கண்ணிலிருந்து இறக்குகிறேன். "சரிவு" என்கிறேன், குரல் சாதாரணமாக வருகிறது, பதினாறு வருடப் பழக்கம், "பூஜ்யம்."

அவளும் நானும் சரிவில்தான் நிற்கிறோம், வழுக்காமல் இருக்க இரண்டு பேரும் ஷூவைப் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டு நிற்கிறோம். அவள் கீழே மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கோபமாக இல்லை, கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் மறுபடி மேலேயிருந்து பார்ப்பாளே, அந்த மாதிரி. நான் கோணமானியின் கண்ணாடியைத் துடைத்தேன். அதில் ஒன்றும் இல்லை. "சரிவு, பூஜ்யம்" என்றாள். நான் சரி என்றேன். எழுதினாள். போனை எடுத்துப் பெருக்கினாள், அதற்கும் அதிக நேரம் ஆகவில்லை. "நாற்பத்தெட்டு புள்ளி ஆறு" என்று உரக்கச் சொன்னாள், பெஞ்சு வரைக்கும் கேட்டது. "அட்ரா சக்கை!" என்று பெரியப்பா எழுந்து நின்று கை தட்டினார், மடியிலிருந்த வர்க்கித் துகளெல்லாம் கொட்டியது. "பாத்தீங்களா போஜன், எந் தம்பி போட்ட கணக்கு! செத்த பொறகும் வளந்திருக்குது!" "வளராம பின்ன, சாணி போட்டது யாரு?" என்றார் போஜன், சிரித்துக்கொண்டே டேப்பை விட்டார், அது ஊசி இலைகள் மேல் பாம்பு மாதிரி மேடேறி என்னிடம் வந்தது. நான் சுற்றினேன். நாற்பது மீட்டரையும் மண் துடைத்துச் சுற்ற எனக்கு ஏழு நிமிடம் ஆகும், அன்றைக்குப் பதினைந்து ஆக்கினேன். சம்யுக்தா படிவத்தை என்னிடம் கொடுத்தாள், கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன். நான் அவளுக்காகத்தான் செய்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிந்துதான் என் கண்ணைப் பார்க்காமல் இருக்கிறாள், வெட்கப்படுகிறாள், இனி எங்களுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது, ரகசியம் இருக்கிற இரண்டு பேர் பிரிய மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தானே. ராத்திரிக்கு என்ன சமைப்பது என்றுகூட நினைத்தேன், கோதுமை மாவு இருக்கிறது, அவளுக்குப் பூரி பிடிக்கும். பெரியப்பாவையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லலாம், தோற்றுப்போன மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. அவள் குழாயில் கை கழுவினாள், முகமும் கழுவினாள், பாவாடையில் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். பெரியப்பா நகர்ந்து இடம் விட்டார், அவள் உட்காரவில்லை. அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பயப்படாமச் சொல்லு கண்ணு, யாரும் கோவிச்சுக்க மாட்டம்" என்றார், என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். போய் நின்றேன். நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அவர் கேட்டார். அவள் என் கையிலிருந்த படிவத்தின் ஆறாவது கட்டத்தைப் பார்த்தாள். சம்யுக்தா காங்கேயம் போவதாகச் சொன்னாள்.